பசுமைமாறாக் காடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வால்பாறைக்கோ ஊட்டிக்கோ போய் வந்தவர்கள், பள்ளிப் பாடத்துக்காகத் தேடுபவர்கள், ஊரில் மரம் நட நினைப்பவர்கள் என்று பலரும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் தமிழ்நாட்டுப் பக்கத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். கடற்கரைச் சமவெளியில் இருக்கும் ஒரு காட்டைப் பற்றியும் விரிவாகவே எழுதியிருக்கிறேன். அது நம் கண்ணெதிரிலேயே அழிந்து வருவதுதான் காரணம்.

பசுமைமாறா மரம் என்றால் இலையே உதிராதா?

உதிரும். எல்லா இலையும் ஒரே பருவத்தில் உதிர்ந்து மரம் மொட்டையாக நிற்பதில்லை, அவ்வளவுதான். வீட்டு மாமரத்தைப் பாருங்கள். ஆண்டு முழுக்க அடியில் சருகு விழுந்துகொண்டே இருக்கும், ஆனால் மரம் எப்போதும் பச்சையாகவே இருக்கும். பழைய இலை போவதற்குள் புது இலை வந்துவிடுகிறது.

இதன் பின்னால் ஒரு வரவு செலவுக் கணக்கு உண்டு. தேக்கு மாதிரி இலையுதிர் மரங்கள் மழைக்காலத்துக்கு மட்டும் இலை விட்டு, வேகமாக உணவு தயாரித்து, கோடை வந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிடுகின்றன. பசுமைமாறா மரம் தடித்த, மெழுகு பூசிய இலையை நிறையச் செலவு செய்து உருவாக்குகிறது. அதைப் பல மாதங்கள், சில இனங்களில் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தால்தான் போட்ட முதல் திரும்பும். ஆண்டில் பெரும்பகுதி ஈரம் இருக்கும் இடத்தில் இந்தக் கணக்கு நன்றாகவே கட்டுப்படியாகிறது.

அப்புறம் ஏன் கொழுந்து மட்டும் சிவப்பாக வருகிறது?

ஆந்தோசயனின் என்ற நிறமிதான் காரணம். இளந்துளிரில் பச்சையம் இன்னும் சேர்ந்திருக்காது, இலையும் மெல்லியது. அந்த நேரத்தில் கடும் வெயிலிலிருந்தும் பூச்சிகளிடமிருந்தும் இந்த நிறமி துளிருக்குப் பாதுகாப்புத் தருவதாகத் தாவரவியலாளர்கள் விளக்குகிறார்கள். நாங்கு மரம் துளிர்விடும் காலத்தில் மலைச்சரிவைத் தொலைவிலிருந்து பார்த்தால் காடு பூத்திருப்பதாகவே தோன்றும்.

எந்த மாதிரி இடத்தில் இந்தக் காடு வளரும்?

பொதுவாக ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை வேண்டும் என்பார்கள். மொத்த மழையைவிட முக்கியமானது, மழையில்லாத மாதங்கள் எத்தனை என்பது. மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 1,600 கிலோமீட்டர் நீளம். தெற்கே அகத்தியமலைப் பக்கம் வறண்ட காலம் இரண்டு மூன்று மாதத்தில் முடிந்துவிடும். வடக்கே மகாராஷ்டிரத்துக்குப் போனால் தென்மேற்குப் பருவமழை கொட்டோ கொட்டென்று கொட்டிவிட்டு ஏழெட்டு மாதம் எட்டிப்பார்க்காது. அதனால்தான் மர வகைகள் தெற்கே அதிகம், வடக்கே போகப்போகக் குறைவு.

தமிழ்நாடு மழைமறைவுப் பகுதிதானே? இங்கே எப்படி இவ்வளவு காடு?

சமவெளிதான் மழைமறைவு. மலையின் முகட்டுப் பகுதிகளில், தென்மேற்குப் பருவமழை வழிந்து இந்தப் பக்கம் விழும் இடங்களில், கதையே வேறு. கூடலூரை ஒட்டிய தேவாலா, வால்பாறைப் பக்கம் சின்னக்கல்லாறு, மாஞ்சோலைக்கு மேலே நாலுமுக்கு, ஊத்து இவையெல்லாம் தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்கள். தெற்கே பொதிகை மலைக்கு இன்னொரு கொடுப்பினையும் உண்டு: வடகிழக்குப் பருவமழையும் அங்கே நன்றாகப் பெய்யும். இரண்டு பருவமழையும், அவற்றை வாங்கி வைக்கும் காடும் இருப்பதால்தான் தாமிரபரணி வற்றாமல் ஓடுகிறது.

காட்டுக்குள் என்னென்ன மரங்கள் இருக்கும்?

சுமார் 700 முதல் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் காட்டை எடுத்துக்கொள்வோம். வெடிப்பலா, நாங்கு, பாலி இந்த மூன்றும்தான் அங்கே ஆட்சி செய்பவை. இவற்றோடு கருங்குங்கிலியம், காட்டு நாவல் வகைகள், காட்டு இலவங்கம், ருத்திராட்ச இனங்கள் என்று பட்டியல் நீளும். பெரிய மரங்கள் 30, 40 மீட்டர் உயரம் போகும். அவற்றுக்குக் கீழே நடுத்தர மரங்கள், அதற்கும் கீழே நிழல் தாங்கும் கன்றுகளும் செடிகளும். உச்சியில் விழும் வெயிலில் நூற்றில் ஓரிரு பங்குதான் தரைக்கு வந்து சேரும். அதனால் நல்ல காட்டுக்குள் தரை ஓரளவு திறந்தே இருக்கும், நடக்க இடம் இருக்கும். உண்ணிச்செடி புதராக மண்டி உள்ளே நுழையவே முடியவில்லை என்றால், அங்கே யாரோ மரத்தை வெட்டி வெயிலை உள்ளே விட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

பல மரங்களின் அடியில் பலகை வேர்கள் சுவர் மாதிரி நிற்கும். மண்ணின் சத்து பெரும்பாலும் மேலாக உள்ள சருகு மட்கில்தான் இருக்கிறது. வேர்களும் மேலாகவே பரவுகின்றன. அவ்வளவு உயரமான மரம் சாயாமல் நிற்க இந்தப் பலகை வேர்கள் துணை.

வெடிப்பலாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெயரில் பலா இருந்தாலும் அது துரியன் பழத்தின் உறவு. கிளைகளிலேயே நேரடியாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். காய் முழுக்க முள். காட்டில் மற்ற பழங்கள் குறைந்துபோகும் மாதங்களில் இது பூப்பதால் சோலைமந்தி, கருமந்தி, மலையணில், மரநாய், வௌவால் என்று எல்லாமே அந்தப் பூவை நம்பி வருகின்றன. ஒரு காட்டின் பட்டினிக் காலத்தை இந்த ஒரு மரம் கடத்திவிடுகிறது. இதை வெறும் கட்டையாகக் கணக்கிட்டு வெட்டிய காலம் ஒன்று இருந்தது என்பதை நினைத்தால் மனம் கொதிக்கிறது.

அந்த மரங்களுக்கு எத்தனை வயது இருக்கும்?

சொல்வது கடினம். குளிர்நாட்டு மரங்களைப் போல ஆண்டுக்கு ஒரு வளையம் என்று தெளிவாக விழுவது இந்த மரங்களில் பலவற்றில் கிடையாது. நிழலில் முளைத்த கன்று, மேலே ஒரு மரம் சாய்ந்து வெளிச்சம் வரும்வரை பல ஆண்டுகள் இடுப்பளவு உயரத்திலேயே காத்திருக்கும்.

சோலைக்காடு என்பது இதுதானா?

இல்லை, அதுவும் பசுமைமாறாக் காடுதான், ஆனால் இன்னும் உயரத்தில் இருப்பது. சுமார் 1,800 மீட்டருக்கு மேலே நீலகிரி, பழனி மலை, ஆனைமலைப் புல்மலைப் பகுதிகளில் மலை மடிப்புகளில், ஓடைகளை ஒட்டி அடைத்துக்கொண்டு வளர்வது. மரங்கள் குட்டை. உச்சிகள் உருண்டையாக ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். இலைகள் சிறியவை, தடித்தவை. கிளையெல்லாம் பாசி, பெரணி, ஆர்க்கிட். காட்டுச் செண்பகமும் நாவல் இனங்களும் உள்ளே இருக்க, ஓரங்களிலும் புல்வெளியிலும் காட்டுப் பூவரசு சிவப்பாகப் பூத்து நிற்கும். சோலையைச் சுற்றி மலைமுதுகு முழுக்கப் புல்வெளி. இரண்டும் சேர்ந்ததுதான் அந்த நிலம்.

வெறும் புல்லாகக் கிடக்கும் மலையில் மரம் நட்டால் நல்லதுதானே?

இந்தக் கேள்வியை நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். மேற்கு மலைகளுக்கு நேர்ந்த பெரிய சேதங்களில் ஒன்று இதே நல்ல எண்ணத்தில்தான் நடந்தது.

அந்தப் புல்வெளி யாரோ காட்டை வெட்டியதால் வந்தது என்று நெடுங்காலம் நம்பினார்கள். நீலகிரியின் சதுப்பு மண்ணில் புதைந்திருந்த பழைய மகரந்தத்தையும் கரிமத்தையும் ஆராய்ந்ததில், 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் இருந்தது தெரிய வந்தது. திறந்த புல்வெளியில் குளிர்கால இரவுகளில் உறைபனி விழும். சோலை மரக்கன்று அதில் கருகிவிடும். சோலை பள்ளத்தாக்கு மடிப்புகளிலேயே நிற்பதற்கு இது ஒரு காரணம்.

ஆங்கிலேயர் காலத்தில் இதைப் பாழ்நிலம் என்று எழுதி வைத்தார்கள். 1840களில் ஊட்டிக்குக் கற்பூர மரம் என்னும் யூகலிப்டஸ் வந்தது, விறகுக்காக. பிறகு நீலகிரிக்காரர்கள் சீகை என்று சொல்லும் வாட்டில் வந்தது, அதன் பட்டை தோல் பதனிட. சுதந்திரத்துக்குப் பிறகு வேகம் இன்னும் கூடியது. செயற்கை இழைக்கு மரக்கூழ் வேண்டும் என்று மலைமலையாக நட்டார்கள். பழனி மலையில் 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டவர்கள், புல்வெளியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாகக் கண்டார்கள். வரையாடு மேய்வது இந்தப் புல்லில்தான். 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியும் இந்தப் புல்வெளிச் செடிதான். கடைசியாக 2018இல் பூத்தது, அடுத்து 2030இல் பூக்க வேண்டும். அதற்குள் எவ்வளவு இடம் மிச்சமிருக்கும் என்பதுதான் கவலை.

கொடைக்கானல் பைன் காடும் எப்போதும் பச்சையாகத்தானே இருக்கிறது?

மரம் பசுமைமாறா மரம்தான். ஆனால் அது நட்டு வளர்த்த தோப்பு. பைன் ஊசியிலை மரம். பனியும் குளிரும் தாங்க இலையை ஊசியாகச் சுருக்கிக்கொண்ட குடும்பம். இமயமலையில் தேவதாரு, பைன் காடுகள் இயல்பானவை, அழகானவை. கொடைக்கானலில் அதன் அடியில் ஊசிச்சருகு மெத்தையாகப் படிந்து, மற்ற செடிகள் முளைப்பது அரிது, கோடையில் தீயும் எளிதாகப் பிடிக்கும். படம் எடுக்க நன்றாக இருக்கும், மறுக்கவில்லை. பக்கத்திலேயே இருக்கும் சோலையைப் பார்க்காமல் திரும்புகிறார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

தென்னிந்தியக் காடுகளில் இயல்பாக வளரும் ஊசியிலைக் குடும்ப மரம் ஒன்றே ஒன்று உண்டு. நகேயியா வல்லிச்சியானா என்பது அதன் தாவரவியல் பெயர். ஊசியிலைக் குடும்பம் என்றாலும் இதன் இலை அகலமானது. அகத்தியமலை, ஆனைமலைக் காடுகளில் அங்கங்கே நிற்கிறது.

அப்படியானால் வாட்டிலையும் கற்பூர மரத்தையும் உடனே வெட்டிவிடலாமே?

தமிழ்நாடு அரசு 2022இல் அயல் களைத் தாவரங்களை அகற்றுவதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டிருக்கிறது. உயர் நீதிமன்றமும் இதில் தொடர்ந்து உத்தரவுகள் போட்டு வருகிறது. தேவையான வேலைதான். ஆனால் மொத்தமாக வெட்டித் தள்ளுவது சரியான வழி என்று நான் நினைக்கவில்லை. மண்ணுக்குள் பல ஆண்டுகளாகக் கிடக்கும் வாட்டில் விதைகள், மேலே வெயில் பட்டதும் ஆயிரக்கணக்கில் முளைத்துவிடும். பழைய வாட்டில் தோப்புகளின் நிழலில் பல இடங்களில் சோலை மரக்கன்றுகள் தாமாகவே வந்துகொண்டிருக்கின்றன. அங்கே இயந்திரத்தை இறக்கினால் அந்தக் கன்றும் சேர்ந்து போகும். புல்வெளியில் புதிதாக நுழையும் செடிகளை முதலில் பிடுங்குவது, சோலை வந்துகொண்டிருக்கும் தோப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிப்பது என்று இடம் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை இது.

காடு மழையைப் பிடித்து வைத்துத் தண்ணீர் தருகிறது என்பது உண்மையா?

காடு தண்ணீரை உற்பத்தி செய்வதில்லை. மரமும் தண்ணீர் குடிக்கும். காடு செய்வது வேகத்தைக் குறைப்பது. மழைத்துளி இலைகளில் பட்டு மெதுவாக இறங்குகிறது, சருகில் தங்குகிறது, வேர் போன துளைகள் வழியே மண்ணுக்குள் போகிறது, பிறகு மாதக்கணக்கில் கசிந்து ஓடையாகிறது. சோலைகளில் பனிமூட்டமே இலையிலும் பாசியிலும் படிந்து சொட்டும். பவானி, மோயாறு, சிறுவாணி, ஆழியாறு எல்லாம் இப்படித்தான் உயிர் பெறுகின்றன.

இதில் புல்வெளியின் பங்கும் பெரியது. நீலகிரியில் கிளன்மார்கன் பகுதியில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை ஆண்டுக்கணக்கில் அளந்து பார்த்தார்கள். ஒன்றின் ஒரு பகுதியில் கற்பூர மரம் நட்டார்கள், மற்றதை அப்படியே விட்டார்கள். மரம் நட்ட பக்கம் ஓடைநீர் குறைந்தது.

கோத்தகிரி பக்கத்தில் லாங்வுட் சோலை என்று ஒன்று இருக்கிறது. 116 ஹெக்டேர்தான். கீழே உள்ள ஊர்களுக்கு அதுதான் நீராதாரம். 2024 ஜனவரியில், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

இந்தக் காட்டை விட்டால் வேறு வழியில்லாத விலங்குகள் எவை?

இரண்டை மட்டும் சொல்கிறேன். சோலைமந்தி என்னும் சிங்கவால் குரங்கு உலகிலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும்தான் வாழ்கிறது. மரத்திலேயே வாழப் பழகிய விலங்கு அது. மரத்தொடர்ச்சி அறுந்தால் தரையில் இறங்கும், சாலையில் அடிபடும். வால்பாறை புதுத்தோட்டம் பக்கம் பழைய தீயணைப்புக் குழாய்த் துணியைச் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலமாகக் கட்டியிருக்கிறார்கள், குரங்குகள் அதில் நடந்து போகின்றன.

இன்னொன்று பெரிய இருவாச்சி. பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டு முட்டையிடும். சிறு பிளவு வழியாக ஆண் பறவை மாதக்கணக்கில் அத்தியும் பிற பழமும் ஊட்டும். அவ்வளவு பெரிய பறவை உட்காரும் பொந்து முதிர்ந்த பெருமரத்தில்தான் இருக்கும். பதிலுக்கு இருவாச்சி, கருங்குங்கிலியம் போன்ற மரங்களின் பெரிய விதைகளைக் காடு முழுக்கக் கொண்டுபோய்ப் போடுகிறது.

வெட்டிய காட்டைத் திரும்ப உருவாக்க முடியுமா?

ஓரளவு முடியும், மிக மெதுவாக. வால்பாறை மேட்டுநிலத்தில் 1890களில் தொடங்கி அடுத்த சில பத்தாண்டுகளில் காட்டை அழித்துக் காப்பியும் தேயிலையும் போட்டார்கள். இன்று எஸ்டேட்டுகளுக்கு நடுவே சிறுசிறு காட்டுத் துண்டுகள் மிஞ்சியிருக்கின்றன. அவற்றை மீட்க 2000ஆம் ஆண்டு வாக்கிலிருந்து நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அமைப்பினர் எஸ்டேட்டுகளோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள்.

முதல் சிக்கல் விதை. பசுமைமாறாக் காட்டு மரங்கள் பலவற்றின் விதையைக் காயவைத்து டப்பாவில் போட்டு வைக்க முடியாது. ஈரம் காய்ந்தால் செத்துவிடும். சில நாட்களிலோ சில வாரங்களிலோ முளைக்க வைத்தாக வேண்டும். அதுவும் எல்லா மரமும் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. எனவே பழம் விழும் நேரம் தெரிந்து பொறுக்கி, உடனே நாற்றங்காலில் போட்டு, ஓராண்டுக்கு மேல் நிழலில் வளர்த்துத்தான் நட முடியும். நட்ட பிறகும் உண்ணிச்செடியும் மற்ற களையும் கன்றை மூடாமல் பல ஆண்டுகள் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கே எந்த இனம் இயல்பாக இருந்ததோ அதைத்தான் நட வேண்டும். ஒரே நாளில் லட்சம் மரம் என்று விழா எடுத்து இந்தக் காட்டை வளர்க்க முடியாது.

இவ்வளவு செய்த பிறகு வருவதும் முழுக் காடு அல்ல, அதன் தொடக்கம். ஆகவே நின்றிருக்கும் ஒரு காட்டை வெட்டிவிட்டு வேறிடத்தில் ஈடாக மரம் நடுகிறோம் என்று யாராவது சொன்னால் அதை நான் ஏற்பதே இல்லை. கேரளத்தில் அமைதிப் பள்ளத்தாக்கில் மின்திட்டத்துக்காகக் காட்டை மூழ்கடிக்க இருந்தபோது மக்கள் விடாமல் எதிர்த்தார்கள். திட்டம் கைவிடப்பட்டு 1984இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அந்தக் காடு இன்று அப்படியே இருக்கிறது.

மலையே இல்லாத ஊரில் பசுமைமாறாக் காடு உண்டா?

உண்டு, பலருக்குத் தெரியாது. சோழமண்டலக் கடற்கரையை ஒட்டி விழுப்புரம், கடலூர், புதுக்கோட்டைப் பக்கங்களில் உலர் பசுமைமாறாக் காடு என்ற அபூர்வமான வகை இருக்கிறது. மழை 1,000 மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில். பிறகு மாதக்கணக்கில் வெயில். முன்னால் சொன்ன கணக்குப்படி இங்கே மரமெல்லாம் இலையுதிர்க்க வேண்டும். ஆனால் உலக்கைப் பாலை, வீரை, காயா, நாவல் எல்லாம் தோல் மாதிரி தடித்த சின்ன இலைகளோடு கோடையிலும் கரும்பச்சையாக நிற்கின்றன. மரங்கள் பத்துப் பன்னிரண்டு மீட்டரைத் தாண்டுவது அரிது. கொடிகள் பின்னிப் பின்னி உள்ளே போகவே வழியிருக்காது.

இது மிஞ்சியிருப்பதற்கு முதல் காரணம் ஐயனார். கோயில் காட்டில் ஒரு சுள்ளிகூட ஒடிக்கக் கூடாது என்ற ஊர்க்கட்டுப்பாடு பல தலைமுறையாகக் காட்டைக் காத்திருக்கிறது. புதுச்சேரிக்கு வடக்கே கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு நல்ல எடுத்துக்காட்டு. கோடியக்கரையிலும் சென்னையில் கிண்டி தேசியப் பூங்காவிலும் இவ்வகைக் காட்டைப் பார்க்கலாம். ஆரோவில்லில் 1968இல் வெறும் செம்மண் பொட்டலாக இருந்த மேட்டில், முதலில் வேகமாக வளரும் அயல் மரங்களை நட்டு நிழல் உண்டாக்கி, பிறகு இந்தக் காட்டு மரங்களைக் கொண்டுவந்தார்கள்.

இப்போது கோயில் காடுகளுக்கு வரும் ஆபத்து பக்தியின் வழியாகவே வருகிறது. சின்னக் கோயிலைப் பெரிதாகக் கட்ட, வண்டி நிறுத்த, பொங்கல் வைக்க மண்டபம் போட என்று ஓரத்திலிருந்து காட்டைத் தின்றுகொண்டே போகிறார்கள். உங்கள் ஊரில் திருப்பணி நடந்தால், காட்டைத் தொடாமல் கட்டுங்கள் என்று கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள். ஐயனாருக்குக் காடுதான் கோயில்.

காட்டில் வாழும் மக்களை வெளியேற்றினால்தான் காடு பிழைக்குமா?

அப்படி நான் நம்பவில்லை. ஆனைமலையில் காடர், முதுவர், மலசர், பொதிகையில் காணிக்காரர், நீலகிரியில் தோடர், குறும்பர் என்று நெடுங்காலமாக இங்கே வாழ்பவர்கள் இருக்கிறார்கள். காட்டை வேரோடு அழித்தவை பெருந்தோட்டங்களும் அணைகளும் மரக்கூழ்த் தோப்புகளும்தான். 2006இன் வன உரிமைச் சட்டம் இவர்களுடைய உரிமையை ஏற்றுக்கொள்கிறது. எந்த மரம் எப்போது பூக்கும், இருவாச்சி எந்தப் பொந்தில் இருக்கிறது என்று இவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

வால்பாறைப் பக்கம் போனால் எதைக் கவனிக்க வேண்டும்?

ஆழியாறிலிருந்து ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் மெதுவாகப் போங்கள். இரவுப் பயணம் வேண்டாம். குரங்குக்குப் பிஸ்கட் போடாதீர்கள், அதைச் சாலைக்கு வரவழைப்பதே அதுதான். மழைக்காலத்தில் அட்டை ஏறும். பயப்பட ஒன்றுமில்லை, உப்பு போட்டால் விழுந்துவிடும், கடித்த இடத்தில் கொஞ்ச நேரம் ரத்தம் கசியும். தேயிலைத் தோட்டத்தைப் பார்த்து எவ்வளவு பெரிய காடு என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். ஓரத்தில் இருட்டாக, ஒழுங்கில்லாமல், பல பச்சையில் நிற்கிறதே, அதைக் காட்டுங்கள்.

வீட்டிலோ ஊரிலோ வைக்கப் பசுமைமாறா மரம் எது நல்லது?

சமவெளிக்கு மகிழம், புன்னை, நாவல், இடமிருந்தால் பலா. கடற்கரைப் பக்கம் என்றால் உலக்கைப் பாலையும் வீரையும் தேடிப் பிடித்து வையுங்கள். மெதுவாகத்தான் வளரும், முதல் இரண்டு மூன்று கோடை தண்ணீர் ஊற்ற வேண்டும். வேம்பு மாசி, பங்குனியில் இலை கொட்டினாலும் உடனே துளிர்த்துவிடும், அதையும் சேர்த்துக்கொள்ளலாம். நாங்கும் வெடிப்பலாவும் மட்டும் வேண்டாம், அவை சமவெளி வெயிலில் துன்பப்படும்.